கக்கூசுக்கு ஒரு கதவு

லைலா மிஸ் கட்டிய கக்கூசுக்கு எல்லாம் இருந்தது, கதவு மட்டும் இல்லை. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், உள்ளே பளிச்சென்று வெள்ளை கொமட். நாலாவது பக்கம் கடற்கரை வீதியைப் பார்த்து ஆவென்று திறந்து கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்தான் அதை முதலில் பாவித்தன. அதற்குப் பிறகு மீன் வியாபாரிகள் வெறும் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். எந்தப் பெண்களுக்காக அது கட்டப்பட்டதோ அவர்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எப்படித் திரும்புவார்கள்?

கல்முனையில் லைலா மிஸ்ஸைத் தெரியாதவர் என்றால், ஒன்றில் ஊருக்குப் புதிதாக வந்தவராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இன்னும் பிறக்காதவராக இருக்கவேண்டும். ஓய்வுபெறும் வரைக்கும் அவர் குடும்பநல உத்தியோகத்தர். சனங்கள் வாயில் மிட்வைப் மிஸ். மருதமுனையிலிருந்து நற்பிட்டிமுனை வரைக்கும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏசுவதுதான் உத்தியோகம். ஏச்சில் முதலாவது, தண்ணீர் குடிக்காததற்கு. "புள்ள, தண்ணி குடி. செம்பு செம்பாக் குடி. குடிக்காட்டி நான் நாளைக்கும் வருவன்" என்பார். அந்தப் பயத்திலேயே பலர் குடித்தார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கடற்கரை வீதியில் மீன் வாங்கப் போனார். அங்கே வீதியோரமாக ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். பாண்டிருப்புக் கேதீஸ்வரியும் அதில் ஒருத்தி. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் லைலா மிஸ்ஸின் ஏச்சைக் கேட்டு வளர்ந்தவை. வெயிலில் அவளுடைய உதடு வெடித்திருப்பதைப் பார்த்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார் மிஸ்.

"வேணாம் மிஸ்."

"ஏன் புள்ள? நான் இன்னும் வாய் வெக்கல்ல."

"அதுக்கில்ல மிஸ். குடிச்சாப் பிறகு எங்க போற? விடிய வந்தா மத்தியானம் வீட்ட போகுமட்டும் நாங்க ஒருத்தரும் குடிக்கிறல்ல. பழகிப்போச்சு."

லைலா மிஸ் போத்தலை மூடினார். இத்தனை வருடமாகத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று தொண்டை வற்றக் கத்தியவருக்கு, குடித்துவிட்டு எங்கே போவார்கள் என்ற கேள்வி ஒருநாளும் வரவில்லையே என்று ரோசமாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். வரிசைக்குப் பின்னாலிருந்த பழைய ஆலைக் காணியின் சொந்தக்காரரைப் பிடித்து, ஒரு மூலையை விட்டுத் தரும்படி கேட்டார். அவருடைய பேரப்பிள்ளையும் மிஸ்ஸின் கையில் நிறை பார்த்த பிள்ளை என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை.

சல்லிக்கு என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. அதற்கென்றே ஒரு சல்லி இருந்தது.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை லைலா மிஸ் வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். "வியாபாரத்துல போடுங்க ராத்தா, ஹலாலா லாபம் வரும்" என்று தம்பி காலிதீன் தலைகீழாக நின்று பார்த்தார். அவருக்கு பஸாரில் ஹாட்வெயார் கடை. ஒருதரம் அவருடைய கடையில் பங்குக்கென்று பணம் போட்டு, லாபமும் வராமல் கணக்கும் வராமல், போட்ட முதலைத் திரும்ப வாங்கவே இரண்டு பெருநாள் காத்திருந்தவர் லைலா மிஸ். ஆகவே முதல் வங்கியில் தூங்கியது. ஆனால் தூங்குகிற முதல் வட்டி போடுமே. வட்டி ஹறாம். அதைத் தின்னக்கூடாது, உடுக்கக்கூடாது, பள்ளிவாசலுக்கும் கொடுக்கக்கூடாது. அப்படிப்பட்ட பணத்தை இந்தப் பக்கத்தில் சாக்கடைக் கானுக்கும் கக்கூசுக்கும்தான் கொடுத்துத் தொலைப்பார்கள். கொடுத்ததற்கு மறுமையில் நன்மையும் எழுதப்படாது. குப்பையைக் கொண்டுபோய் வெளியில் கொட்டியதற்கு யாராவது பரிசு கொடுப்பார்களா?

மேசனிடம் கணக்குக் கேட்டு, வட்டியை நம்பி அத்திவாரம் போட்டார் மிஸ். வங்கியிலிருந்து வட்டி வந்தபோது பத்தில் ஒரு பங்கைக் காணவில்லை. கேட்டால், வருமான வரியாம். முன்னர் இதில் பாதிதான் பிடித்தார்களாம், இப்போது கூட்டிவிட்டார்களாம். சுவர் எழும்பியது, தகரம் ஏறியது, கொமட்டும் உட்கார்ந்தது. கதவும் தண்ணீர்த் தாங்கியும்தான் மிச்சம், கையில் சல்லியும் இல்லை. தன் பென்சனில் எடுத்துப் போடலாம் என்றால், மூட்டு மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் போக அதில் மிஞ்சுவது பிளேன்டீக்குத்தான் காணும்.

"அரசாங்கம் கதவக் கழட்டிக்கிட்டுப் போயிட்டு" என்று மிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

காலிதீனின் மகள் பஸ்மினாதான் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் கணக்கியல் படித்தவள், ஊரில் நாலு பேருக்கு வருமான வரி ரிட்டேர்ன் நிரப்பிக் கொடுக்கிறவள்.

"மாமி, உங்கட வருமானத்துக்கு வரியே வராது. பிடிச்சதத் திருப்பிக் கேட்டா தருவாங்க."

"அரசாங்கம் எடுத்த சல்லியத் திருப்பித் தருமா? நீ பகல்லயே கனவு காணுற புள்ள."

"கேட்டுப் பாப்பமே."

பஸ்மினா மாமிக்கு வரி இலக்கம் எடுத்தாள், ரிட்டேர்னை நிரப்பி அனுப்பினாள், வரி அறவிடும் மட்டக்களப்பு இறைவரிக் கந்தோருக்கும் இரண்டு தரம் போய்வந்தாள். போன கையோடு வாப்பாவின் கணக்கையும் ஒழுங்காகப் போட்டாள். அங்கேதான் வீட்டுக்குள் புகைச்சல் தொடங்கியது. மாமிக்கு இருபத்திரண்டாயிரம் திரும்பி வரவேண்டும், வாப்பா அதைப்போல இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்று கணக்கு வந்தது. நவம்பர் முடியுமுன் கட்டவேண்டும்.

"இந்தப் புள்ளயப் படிக்க வெச்சதுக்கு எனக்கு நல்லா வேணும்" என்றார் காலிதீன்.

இந்தக் காலிதீன் கெட்டவர் இல்லை. கையிலிருந்த பணத்தையெல்லாம் சீமெந்திலும் பைப்பிலும் முடக்கிவிட்டு, மழைக்காலத்தில் யாரும் வீடு கட்டாததால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டவேண்டியதில் பாதிதான் கையில் இருந்தது. கடைக்காரர் என்றால் மூளை சும்மா இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் ராத்தா வீட்டுக்கு வந்தார்.

"ராத்தா, அந்த வட்டிச் சல்லி வந்தா எனக்குத் தாங்க. நான் வரியக் கட்டிடுறன். அது எனக்கில்ல, அரசாங்கத்துக்குத்தானே போற. கக்கூசுக்குப் போனா என்ன, கந்தோருக்குப் போனா என்ன?"

லைலா மிஸ் அதை மனதுக்குள் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது.

"கட்டுறது அரசாங்கத்துக்கு. ஆனா மிஞ்சுறது உன்ட பொக்கட்டுலதானே தம்பி" என்றார்.

தீர்ப்பு பள்ளிவாசல் மௌலவியிடம் போனது. அவர் இருவரையும் அவசரப்படாமல் ஆறுதலாகக் கேட்டுவிட்டுக் காலிதீனைப் பார்த்தார். "வரி உங்கட கடன். உங்கட கடன வட்டிச் சல்லியால அடச்சா, நீங்களே அதத் திண்ட மாதிரித்தான்."

காலிதீன் அதற்கு ஒரு வாரம் அடங்கியிருந்தார். அதற்குள் லைலா மிஸ்ஸின் போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. அரசாங்கம் இருபத்திரண்டாயிரத்தைத் திருப்பிப் போட்டிருந்தது. மிஸ் அதை மூன்று தரம் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்து நாலாம் தரமும் வாசித்தார். செய்தி காலிதீனின் காதுக்கும் எட்டிவிட்டது.

"ராத்தா, இப்ப வந்திரிக்கிறது வட்டி இல்ல" என்று அன்று பின்னேரமே வந்து நின்றார். "வட்டி வங்கி தாறது. இது அரசாங்கம் தந்தது. கைமாறிட்டு. சுத்தமான சல்லி. தம்பிக்குக் கைமாத்தாத் தரலாம்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். லைலா மிஸ்ஸுக்கும் சபலம் தட்டியது. சுத்தமான சல்லி என்றால் தம்பிக்கு ஏன் கொடுக்கவேண்டும்? குனிந்து உடுப்புத் துவைத்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. உடுப்புக் கழுவும் மெஷினுக்கு முற்பணமாகக் கட்டலாமே. அவர் பஸ்மினாவுக்கு போன் எடுத்து, "புள்ள, இது வட்டியா, வரியா?" என்று கேட்டார். வைத்துவிட்டு, திரும்ப எடுத்து அதையே கேட்டார்.

"அது உங்கட வட்டியில வெட்டினதுதான் மாமி" என்றாள் பஸ்மினா இரண்டு தரமும்.

மெஷின் ஆசை அவ்வளவோடு அடங்கிப் போயிற்று. முன்வாசலில் பதிலுக்குக் காத்திருந்த தம்பியிடம் வந்தார்.

"அரசாங்கத்துக்கிட்டப் போய்ட்டு வந்தா மட்டும் அது வேற சல்லியா? சுத்தமெண்டா நானே தின்பன், உனக்கு ஏன் தாறன்? நான் தொடுறல்ல. அது கதவு. கதவாத்தான் போகும்."

"ஏலாத நேரத்துல கூடப்பிறந்தவனுக்கு உதவாத சல்லி, ஊர்க் கக்கூசுக்கு உதவுது" என்றார் காலிதீன். குரலில் விளையாட்டு இல்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு மிஸ்ஸுக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. வீம்புக்காரர்தான், என்றாலும் இருப்பது ஒரே தம்பி. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலையில் லைலா மிஸ் ஸ்கூட்டரை நேரே தம்பியின் கடைக்கு விட்டார். காலிதீன் முகம் கொடுக்கவில்லை. மிஸ்ஸும் கவனிக்காதவர்போலக் கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதவு நின்றது. பிங்க் நிறம். இரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறது. யாரோ கொழும்பில் தலையில் கட்டிவிட்ட சரக்கு. அந்த நிறத்தைப் பார்த்து ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"இது என்ன விலை?"

காலிதீன் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"கக்கூசுக்கு. சின்னத் தாங்கி ஒண்டும் வேணும். பைப்பும் பிணைச்சலும் பாத்துப் போடு. வட்டி ஹறாம், வியாபாரம் ஹலால். நீ விக்கிற, நான் வாங்குறன். காசு கையில."

காலிதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விலை சொன்னார். ராத்தா பாதி விலைக்குக் கேட்டார். தம்பி நெஞ்சில் கைவைத்தார். இந்த நிறத்தில் இன்னொரு இரண்டு வருடம் நிற்கும் என்று ராத்தா நினைவூட்டினார். கடைசியில் இருபத்திரண்டாயிரத்துக்குக் கதவும் தாங்கியும் சாமானும் என்று முடிந்தது. ஈ ஓட்டிய கடைக்குள் முழுக்காசு வந்து விழுந்தது. நவம்பர் முடியக் கட்டவேண்டியதற்கு அது கைகொடுக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

"பில் தா" என்றார் மிஸ்.

"ராத்தா, உங்களுக்கு என்ன பில்?"

"எழுதுங்க வாப்பா" என்றாள் கணக்குப் பார்க்க வந்திருந்த பஸ்மினா. "அடுத்த வருசக் கணக்குல இதையும் போடணும்."

காலிதீன் மகளையும் பார்த்தார், ராத்தாவையும் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஒருவழி பண்ணத்தான் பிறந்தவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பில்லை எழுதினார். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தவர், எதையோ நினைத்து நிமிர்ந்தார்.

"ராத்தா, இந்தக் கக்கூசால உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லயா?"

"வட்டிச் சல்லிக்கு என்ன நன்மை? எனக்கு நன்மை வேணாம். கதவு உள்ளுக்குப் பூட்டினாப் போதும்."

காலிதீன் லாச்சியைத் திறந்து, கனமான பித்தளைக் கொண்டி ஒன்றை எடுத்தார். கடையிலேயே விலை கூடிய கொண்டி அது. பில்லில் எழுதாமல் கதவுக்கு மேல் வைத்தார்.

"இது என்ட சல்லி. நான் தாறன்."

லைலா மிஸ் இடுப்பில் கையை வைத்தார். "அப்ப சுவரும் கூரையும் கொமட்டும் என்ட. நன்மை மட்டும் முழுக்க உனக்கா?"

"வியாபாரம் ராத்தா" என்றார் காலிதீன். அன்றுதான் அவர் முகம் கொஞ்சம் வெளித்தது.

மேசன் கதவை மாட்டிய மறுநாள் லைலா மிஸ் மீன் வாங்கப் போனார். பழைய ஆலை மூலையில் அந்தப் பிங்க் கதவு ஒரு மைல் தூரத்துக்குத் தெரிந்தது. பெட்டிகளைக் காணவில்லை, ஆடுகளையும் காணவில்லை. மிஸ் போத்தலைக் கேதீஸ்வரியிடம் நீட்டினார். கேதீஸ்வரி போத்தலைப் பார்த்தாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தாடையில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழும்பினாள்.

"மிஸ், மீன ஒருக்காப் பாத்துக்கொள்றீங்களா?"

"போய்ட்டு வா புள்ள."

லைலா மிஸ் அவளுடைய பலகையில் உட்கார்ந்து கீரி மீனுக்கு ஈ விரட்டத் தொடங்கினார். பின்னால் டக்கென்று பித்தளைக் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கான நன்மை தம்பியின் கணக்கில்தான் போய் விழும் என்று நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் கிலோ என்ன விலை என்று கேட்டார். மிஸ்ஸுக்கு விலை தெரியாது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார். "ஆள் ஆறுதலா வரட்டும்."