இறுக்காத திருகு

முப்பத்தொரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு உள்ளங்கை அகல பொம்மை ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்ப்பதைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ரிமோட்டில் வீட்டுக்குள் பறப்பவை. சுவரில் முட்டும், அலமாரிக்குப் பின்னால் விழும், மறுநாள் அவரிடம் வரும். "மனுஷங்கள ஏத்தி எறக்கி அலுத்துப்போச்சு, இப்ப ஈ ஓட்டறாரு" என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசி இரண்டு மாதம் கை நடுங்கியது. தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில். மகள் தொழிற்சாலையில் பரிசோதனைப் பொறியாளர். இனி வேலை எடுக்க வேண்டாம் என்று போனில் இரண்டு தடவை கறாராகச் சொல்லிவிட்டாள். தெருமுனைத் தையல்காரருடைய இந்த ஒன்றை மட்டும் முடித்துவிடுகிறேன் என்றார். முடித்து, பெட்டியில் 'சரி' என்று எழுதி வைத்தார். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தையல்காரர் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் பெட்டியைத் திறந்தாள். நான்கு இறக்கைகளும் தொளதொளவென்று தொங்கின.

"ஸ்குரூவக்கூட முறுக்க முடியல பாரு அவரால," என்றாள் அம்மா.

மகள் நான்கு திருகுகளையும் இறுக்கினாள். ஒவ்வொன்றும் அரைச் சுற்று. பறக்கவிட்டாள். அது குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் குடத்தில் மோதியது. மறுபடியும் அதேதான்.

கழற்றிப் பார்த்தாள். பல்சக்கரம் புதிது. வால் மோட்டாரில் ஈயப்பற்று கடுகளவு, பிசிறில்லாமல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது: நான்கிலும் சரியாக அரைச் சுற்றுத் தளர்வு. நடுங்குகிற கை நான்கு முறை ஒரே அளவில் தப்புச் செய்யாது.

நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்தினாள். தொங்கிய இறக்கைகள், சுழன்ற வேகத்தில் தாமே நீட்டி நிமிர்ந்தன. ஹெலிகாப்டர் மேசைக்கு மேலே ஆடாமல் நின்றது.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "டம்ளர்தான்டி அவருக்குப் பிடிக்க வரல," என்றாள்.

சாயங்காலம் தையல்காரர் வந்து, தன் கடையில் தொங்கும் விளக்குகளுக்கு நடுவே இடிக்காமல் ஓட்ட வேண்டியவர் என்பதால், ஒரு தடவை கூடத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்.

"நீயே சரி பண்ணிட்டியாம்மா?"

"இல்லண்ணே. அவர் சரியாத்தான் வச்சிருந்தார். நான்தான் நடுவுல கெடுத்தேன்."