கரை மாறியதைச் சொல்லாமல் போனோம்

தர்மபுரத்தில் நெல் விதைக்கும் எனக்குக் கடல் பழக்கமில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி ஆழ்கடலில் தூண்டில் போட ஆசைப்பட்டதால், முல்லைத்தீவில் சேகர் என்ற படகோட்டியைப் பிடித்தேன். இரைக்குக் கணவாய், ஐஸ், சோற்றுப் பார்சல் என்று ஒரு கிழமையாகத் திட்டமிட்டேன். அளம்பில் கரையால் இறங்கிப் பத்து மணிக்குத் திரும்புவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

விடியற்காலையில் அளம்பிலுக்குப் போனதும் சேகர், "இஞ்ச அலை கூட அண்ணை, கள்ளப்பாட்டுக் கரையால படகை இறக்குவம்" என்றார். சம்மதித்தேன். நனைந்துவிடும் என்று எங்கள் போன்களை வாகனத்திலேயே வைத்துவிட்டோம்.

எட்டு மணியளவில் எஞ்சின் நின்றது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. சேகர் எத்தனை தரம் இழுத்தும் இயங்கவில்லை. அவருடைய போனிலும் சார்ஜ் இல்லை. கரைப் பனைகள் சிறுத்துச் சிறுத்து மறைந்தன.

"அத்தான், இடம் மாறினது அக்காவுக்குத் தெரியுமோ?" என்றான் மச்சான்.

"இல்லை. நான் சொல்லேல்லை."

துடுப்பில் சட்டையைக் கட்டி மாறிமாறி ஆட்டினோம். பின்னேரம்தான் ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கண்டு கட்டி இழுத்தது. கரை தெரிந்து சிக்னல் கிடைத்ததும் அவர்களுடைய போனில் மனைவியை அழைத்தேன்.

"நான் அளம்பிலில நிக்கிறன். மத்தியானம் துவக்கம் ரெண்டு போட் உங்களைத் தேடுது. நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்று கதறினாள்.

அதன்பின் ஒருமுறை கடலுக்குப் போனேன். போனைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அன்றும் கரை மாறியது. மனைவி போனை எடுத்து, "ஓம், விளங்கிட்டுது" என்று சொல்லும் வரை நான் படகில் ஏறவில்லை.