ரத்தம் எடுத்த நேரம்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்த பிறகு, மருத்துவமனை அவளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. ரத்தம் எடுத்ததிலிருந்து ரிசல்ட் வார்டுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிறது. இரண்டே மாதத்தில் அதை ஒன்றரை மணி நேரமாக்க வேண்டும்.

மைக்ராஸ்கோப் முன்னால் அவள் புலி. ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழக்கமில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் குரலில் ஏறிக்கொண்டது. எது தாமதமானாலும் ரத்தம் எடுக்கும் அறை வாசலில் போய் நின்று, "யாரு பண்ணது?" என்று கேட்டாள். முதுகுக்குப் பின்னால் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் நேரம் மளமளவென்று குறைந்தது. ஒன்று ஐம்பது, பிறகு ஒன்று இருபது. மேலாளர் கைகுலுக்கினார். அவளுக்கோ அந்த எண்ணில் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் 'ரிசல்ட் எங்கே?' என்று வார்டிலிருந்து வரும் போன்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் புலம்பினாள்.

"நீ 'ஏன் லேட்டு'ன்னு கேக்கற தோரணைக்கு, வாங்காத பாலையே வாங்கிட்டேன்னு சொல்லியிருக்கேன் நான். அவங்க எம்மாத்திரம்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மூத்த நர்ஸைத் தனியாகப் பிடித்தாள். "சிஸ்டர், ரத்தம் எடுத்த நேரத்தை எப்ப எழுதறீங்க? யாரையும் மாட்டிவிட மாட்டேன்."

நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "ரத்தம் எடுக்கறப்ப இல்ல மேடம். டியூப் கூடை லேபுக்குக் கிளம்பறப்ப எழுதறோம். இல்லேன்னா உங்ககிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

"கூடை ஏன் சீக்கிரம் கிளம்ப மாட்டேங்குது?"

"டியூப்ல ஒட்டப் பேரு அடிக்கற லேபிள் மெஷின் பக்கத்து ரூம்ல இருக்கு. ரெண்டு ரூமுக்கும் அது ஒண்ணுதான். முதல் வாரமே சொல்லியிருப்போம்... நீங்க கேக்கலையே."

ஆய்வுக் கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் பாராட்டு நிச்சயம். அந்த எண்ணம் வந்து போனதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். மூன்று நாள் காலையில் அந்த அறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வரவேற்பில் சும்மா கிடந்த லேபிள் மெஷினைக் கெஞ்சி வாங்கி வந்தாள். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் கால் மணி நேரத்துக்கு ஒரு கூடை என்பது நர்ஸ் சொன்ன யோசனை.

கூட்டத்தில் காகிதத்தை மேலாளர் முன்னால் வைத்தாள். "உண்மையில ஆகறது ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம் சார். போன தடவை காட்டினது தப்பு. அப்படி எழுத வெச்சது நான்தான்."

மேலாளர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "மேல என்ன சொல்றது நான்?" என்றார் கடைசியில். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். கைகுலுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒன்று நாற்பதுக்கு வந்திருந்தார்கள். பத்து நிமிடம் பாக்கி. வார்டு போன்கள் பாதியாகிவிட்டிருந்தன.

அன்று மதியம் நர்ஸே கூப்பிட்டார். "மேடம், ரெண்டு டியூப்ல பேரு மாத்தி ஒட்டிட்டேன். இன்னும் அனுப்பல."

பழைய அதட்டல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"சொன்னீங்களே சிஸ்டர், பெரிய விஷயம். அப்படியே வைங்க, வர்றேன்."