ஒரே பெட்டியில் வந்த டிரைவுகள்

எனக்குப் பொறுமை கிடையாது. கால் ஒரு இடத்தில் நிற்காது என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பகுதியைப் பார்க்கிறேன். இந்த வேலை என் குணத்துக்கு எண்ணெய் வார்த்ததே தவிர ஆற்றவில்லை.

நோயாளிகளின் ஸ்கான் படங்கள் அங்கே மூன்று சேர்வர்களில் இருக்கும். ஒவ்வொன்றிலும் எல்லாப் படத்துக்கும் ஒரு பிரதி. ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் எனக்கு முன் இருந்தவர், படங்களைச் சேமிக்க வீட்டுக் கணினிக்குப் போடும் மலிவான எஸ்எஸ்டி டிரைவுகளைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஓயாமல் எழுதியதில் அவை தேய்ந்துபோயின. ஒரு சேர்வர் அடியோடு படுத்தது. மற்ற இரண்டிலும் எச்சரிக்கை மஞ்சளாக எரிந்தது. வெளியில் இன்னொரு காப்புப் பிரதி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் உளைந்ததுதான் மிச்சம்.

என் அக்காவின் நுரையீரல் படமும் அதற்குள்தான் இருந்தது. முதல் ஸ்கானில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. அடுத்ததை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் என்னவென்று சொல்லலாம் என்று அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு படத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைக்கக் கை துறுதுறுத்தது. ஊராரின் படங்களுக்குக் காவல் இருக்கிறவள் தன் வீட்டுப் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதா? ரோசம் விடவில்லை. எடுக்கவில்லை.

கிண்ணியாவில் கணினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மூன்று கம்பனிகளின் புது டிரைவு மாதிரிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

“மூண்டும் நல்ல சாமான் மிஸ். கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்.”

நான் கண்ணை மூடுகிற ஆளில்லை. ஒவ்வொன்றாகப் பூட்டி, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். நானா பதறிப்போனார்.

“என்ன மிஸ் இது, அநியாயமா இருக்கே!”

“எங்கட ஊர்க் கரண்ட் இதைவிட அநியாயம் செய்யும், நானா.”

இரண்டு டிரைவுகள் ‘எழுதியாயிற்று’ என்று சொன்னதை உண்மையில் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது கொஞ்சம் மின்சாரத்தைத் தனக்குள் சேமித்து வைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கையிலிருந்ததை எழுதி முடித்திருந்தது. எல்லாச் சேர்வருக்கும் போதுமான அளவு அதையே அனுப்பச் சொன்னேன்.

பெட்டி வந்தது. எல்லா டிரைவுகளும் ஆலையில் ஒன்றாகச் செய்த ஒரே தொகுதி, இலக்கங்கள்கூட வரிசையாக இருந்தன. மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கலியாண வீட்டுக்கு ஒரே கரையில் சேலை எடுத்தது போலப் பார்த்து மகிழ்ந்தார்.

“வெள்ளிக்கிழமை நல்ல நேரம் கேட்டு வச்சிருக்கிறன் பிள்ளை. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு விடுங்கோ.”

இலக்கங்களின் வரிசையைப் பார்த்ததும்தான் நான் விட்ட பிழை எனக்கு உறைத்தது. ஒரே தொகுதியில் ஒன்றுக்குக் கோளாறு என்றால் எல்லாவற்றுக்கும் அதே கோளாறு. குறித்த மணித்தியாலம் ஓடியதும் தானாக நின்றுவிடும் பிழைகளும் உண்டு. ஒரே சுபவேளையில் தொடங்கினால் ஒரே அவவேளையில் எல்லாம் நிற்கும். பிறகு மூன்று பிரதி எதற்கு?

“ஒரு சேர்வருக்கு இதைப் போடுவம், டொக்டர். மற்றதுகளுக்கு வேற வேற கம்பனி, வேற வேற நாள்.”

“நல்ல காரியத்தை ஆரும் பிச்சுப் பிச்சுச் செய்வினமோ?”

நானாவுக்கோ மனம் நொந்துவிட்டது. “என்ட சாமான்ல சந்தேகமா மிஸ்?”

“உங்கட சாமான்ல இல்ல நானா. எல்லாம் ஒரே சாமானா இருக்கிறதிலதான்.”

பெட்டியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை, படுத்துக்கிடந்த சேர்வருக்குப் புது டிரைவுகளைப் பூட்டி, நல்ல நேரத்தில் சந்தனமும் வைத்து இயக்கினோம். தேய்ந்த டிரைவுகளுக்குப் பாரம் கூடாமல், படங்கள் மெல்ல அதற்குள் இறங்கத் தொடங்கின. மற்றக் கம்பனிச் சாமான் வரத் தாமதமானது. வந்ததில் முதலாவது என் பிளக் சோதனையில் தோற்றது. மறுபடி காத்திருந்தோம். அதற்கிடையில் பழைய சேர்வர்களில் இன்னொன்றும் படுத்தது.

“அண்டைக்கே எல்லாத்தையும் மாத்தியிருந்தா இந்த இடி இல்லை” என்றார் பெரிய டாக்டர்.

அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே பயம் பிடித்தது. இன்னும் இறங்காத படங்களுக்கு அந்த ஒரே பழைய சேர்வர்தான் தஞ்சம். தேடிப் பார்த்தேன். அக்காவின் படம் இறங்கியிருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். மனம் ஆறட்டும் என்று சல்லிக் கிராமத்துக் கடற்கரைக்கு ஸ்கூட்டியில் போனேன். கருவாடு காயவைத்திருந்த இடம் வரைக்கும் போய், இறங்காமலே திரும்பி வந்தேன். திரைக்கு முன்னால் இருந்தாலும் பயம், எழுந்து போனாலும் பயம்.

அந்தப் பழையது கடைசிப் படம் வரைக்கும் தாக்குப்பிடித்தது. அடுத்த கிழமை மற்ற இரண்டுக்கும் வேறு வேறு கம்பனி டிரைவுகளைப் பூட்டினேன். பேச்சை நிறுத்தியிருந்த நானாவும் மறுபடி கதைக்கத் தொடங்கினார்.

அக்காவுக்கு இரண்டாம் ஸ்கான் எடுத்த அன்று நானும் கூடப் போனேன். அவளைப் பார்க்கும் டாக்டர் பழைய படத்தைத் திறந்தார். உடனே வந்தது. எனக்குப் பெருமையில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. பிறகு புதியதைப் பக்கத்தில் வைத்தார். புள்ளி வளர்ந்திருந்தது. அது எனக்குத் தெரிவதற்கு அவர் அளந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு அன்றே எழுதிக் கொடுத்தார்.

வெளியே கிடந்த மர வாங்கில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பழைய படம் இல்லாமப் போயிருந்தா என்ன சொல்லியிருப்பார்?”

“இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பாப்பம் எண்டு சொல்லியிருப்பார்.”

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விடும்வரைக்கும் நான் எழும்பவில்லை.