தட்டுல வெட்டுன பேரு

ஆம்பளயா பொம்பளயான்னு கொழாயடியில நேத்து பேசிச் சிரிச்சீங்களாமே, சரோசா? எங்கூட்டுக்கு வந்துட்டுப் போனவ பேரு வள்ளி. அவ்ளோதான். இந்த ரவிக்க அவ தச்சதுதான், கை எப்டி வெச்சிருக்கா பாரு! நீ உக்காரு. எனக்கு ஒரு எடத்துல இருப்பு கொள்ளாது, நின்னுக்கினே சொல்றேன்.

புதூர்நாட்டுல தையல் ட்ரெய்னிங் ஹாஸ்டல்ல நான் சமையல் ஆயாவா இருந்தேன் இல்ல? நாப்பது பேரு, எல்லாம் மீச மொளச்ச ஆளுங்க. அதுல ஒருத்தி வள்ளி. மனசு பொண்ணு, ரிஜிஸ்டர்ல மட்டும் ஆம்பள பேரு. அவ சோத்து வரிசையில நின்னா பசங்க இடுப்ப ஆட்டிக் காட்டுவானுங்க. நானும் சும்மா இல்லடி. "ஆம்பளயா லட்சணமா நட்றா"ன்னு கரண்டியால தட்டியிருக்கேன். இப்ப நெனச்சா கை கூசுது.

அப்புறம் அவ வரிசைக்கே வர்றதில்ல. எல்லாரும் துன்னுட்டுப் போனப்புறம் சமையல்கட்டுல வந்து மிச்சத்தத் துன்னுவா. ஒரு நாளு எனக்கு வெங்காயம் அரிஞ்சி குடுத்துக்கினே, "ஆயா, எம்பேரு வள்ளி. யாரும் கூப்ட்டதில்ல. நீங்க ஒருவாட்டி கூப்புடுங்களேன்"ன்னா. கூப்ட்டேன். அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும்!

எனக்கு சந்தோசம் தாங்கல. ஒடுகத்தூருக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, கடக்காரன்கிட்ட வள்ளின்னு பேரு வெட்டச் சொல்லி, அவளுக்குக் கூடச் சொல்லாம மத்த தட்டுங்களோட அடுக்கி வெச்சிட்டேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. புள்ளி புள்ளியா குத்துனா மாதிரிதான் இருந்துச்சி. மத்தவங்க படிப்பாங்கன்னு தோணவே இல்ல பாரு!

மத்தியானம் வார்டன் வந்து அந்தத் தட்டத் தூக்குனாரு. "யார்யா இந்த வள்ளி? ஹாஸ்டலுக்குள்ள பொம்பளயக் கூட்டினு வந்தவன் எவன்? கண்டுபுடிச்சேன், பொட்டியோட பஸ் ஏத்திடுவேன்!"

பொம்பள பேருன்னதும் பசங்க கண்ணெல்லாம் அவ மேல. அவ சமையல்கட்டுச் செவுத்தோட ஒட்டிக்கினா. பரிச்சைக்கு மூணே மாசம். அப்பன் ஏற்கெனவே வூட்ட வுட்டுத் தொரத்திட்டான். சர்ட்டிபிகேட்டும் போச்சின்னா அவளுக்கு இன்னா இருக்கு?

"அது என்னுது சார்"ன்னேன். "எம்பேருதான் வள்ளி."

ஒம்பது வருசமா ஆயான்னே கூப்ட்ட மனுசனுக்கு எம்பேரு எப்டித் தெரியும்? ஆனா கிண்டல் பண்ற பையன் ஒருத்தன் வாயத் தொறந்தான். கொதிக்கிற கொழம்போட கரண்டியத் தூக்கினு கிட்ட போயி, "இன்னா தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"ன்னேன். "வேணாம் ஆயா"ன்னு மூடிக்கினான்.

சம்பள மஸ்டர்ல நான் குப்பம்மா. அவரு பொரட்டிப் பாத்தா தீந்துச்சி. கட்டவெரல் வெக்கிறவ பேர யாரு படிக்கிறா? அவரு பாக்கவே இல்ல.

"உன்னக் கேக்காம செஞ்சிட்டேன்டி"ன்னேன் வள்ளிகிட்ட. "உள்ள கூப்புடுங்க ஆயா, வெளிய வேணாம்"ன்னா. நல்லது பண்றேன்னு ஊருக்கே காட்டிக் குடுக்கப் பாத்தேனே! மொதல்ல அவள ஒரு வார்த்த கேட்டிருக்கணும், சரோசா.

கூத்தக் கேளு. அன்னிலேர்ந்து வார்டன் என்ன வள்ளின்னுதான் கூப்புடுவாரு. "வள்ளி, டீ கொண்டா!" நான் வாசல்ல நின்னு "சார்"ம்பேன். உள்ள வெங்காயம் அரியறவ, வாயப் பொத்திக்கினு, "வர்றேன் சார்"ம்பா. பரிச்ச முடியிற வரிக்கும் அவ பேர அந்த மனுசனே தெனம் கூப்ட்டாரு!

ஏய், ஏய்! யாரு வூட்டு ஆடுடி அது? காயப்போட்ட புளியில வாய வெக்கிது. த்தூ, போ! இரு சரோசா, வர்றேன்...