பர்வீனைக் கூப்பிட்டது நான்தான்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாஸ்கெட்பால் டீமைத் தோற்கடித்தேன்.

நான் ஆடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு, யார் என்னை ஆட விடுவார்கள்? ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு டீமைக் கவிழ்த்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும்தானே!

விவரமாகச் சொல்கிறேன். என் மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் மைதானம் இருக்கிறது. அங்கே தினமும் காலை ஐந்தரைக்குப் பெண்பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் கோச்சிங். கோச் செல்வராணி மிஸ். வடக்கனந்தலிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹாரன் அடிக்கும் பழக்கம் இல்லை. அவர் குரலே போதும்.

யாழினி நன்றாக ஓடுவாள். பந்தும் கைக்கு அடங்கும். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் — மரியாதை ஜாஸ்தி.

சிரிக்காதீர்கள். அந்த டீமிலேயே சின்னவள் இவள்தான். மற்ற எல்லோரும் அக்கா. கேப்டன் பர்வீன், பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. பந்து பர்வீனிடம் இருக்கும். யாழினி கூடைக்குக் கீழே தனியாக நிற்பாள். நின்றுகொண்டு எப்படிக் கேட்பாள் தெரியுமா?

"பர்வீன் அக்கா… பந்த கொஞ்சம் இந்தப் பக்கம் போடுங்கக்கா…"

இந்த வாக்கியம் முடிவதற்குள் எதிர் டீம் பந்தைப் பிடுங்கி, கூடையில் போட்டு, தண்ணீர் குடிக்கவே போயிருக்கும்.

ஒருநாள் பயிற்சியில் யாழினி, பர்வீன் கையிலிருந்த பந்தை லாகவமாகத் தட்டிப் பறித்தாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அடுத்த நொடி, "சாரிக்கா" என்று சொல்லி இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தாள்… கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல! பர்வீனும், பாவம், வாங்கிக்கொண்டாள்.

விசில் பறந்தது.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றார் செல்வராணி மிஸ். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த வெள்ளக் கோட்டுக்குள்ள அக்காவும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது. வாங்க போங்கவும் கெடையாது. பேரு மட்டும்தான். ஒரு அக்காவுக்கு ஒரு ரவுண்டு. யாழினி, ஓடு!"

அன்று யாழினி பதினோரு ரவுண்டு ஓடினாள். ஸ்டாமினா கூடியது. மரியாதை குறையவில்லை.

மற்ற பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் துளசி என்ற பெண் "பர்வீன்!" என்று ஒரு குரல் கொடுத்தால், மைதானத்து மூலையில் தூங்கும் நாய் எழுந்து உட்காரும். என் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வாய் வரவில்லை.

என் மனைவிக்கு இந்த விதியே பிடிக்கவில்லை. "மூணு வயசு பெரிய பொண்ண பேர் சொல்லிக் கூப்புடறதுக்கா விடிகாலைல எழுந்து போறா? இன்னாங்க, நீங்க போய்க் கேக்க மாட்டீங்களா?" என்றாள். போய்க் கேட்டேன்.

"தண்டபாணி சார்," என்றார் மிஸ். "வூட்ல அக்கான்னு கூப்புடட்டும். கால்ல வேணாலும் வுழட்டும். இங்க பந்து கேக்கத் தெரியாத புள்ளைக்கு பந்து வராது. பந்து வராத புள்ளைய நான் இன்னாத்துக்கு சார் எறக்கணும்? பின்னாடி ரெண்டு பேரு காத்துக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கெழம மேட்ச்ல ஒரே ஒரு வாட்டி வாயத் தொறந்து பேர் சொல்லி பந்து கேட்டாள்னா டீம்ல இருப்பா. இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

யாழினியிடம் சொன்னேன். தலையாட்டினாள். அன்று சாயங்காலம் பாத்ரூமிலிருந்து சத்தம் கேட்டது. "பர்வீன்… பர்வீன்… பர்வீன்!" தண்ணீர் வாளியிடம் பழகிக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷப்படப் போனேன். ஒரு நிமிடம் கழித்து, மெல்லிசாக, "…க்கா."

ஞாயிறு காலை. திருக்கோவிலூர் டீம் வேனில் வந்து இறங்கியது. எல்லோரும் நெட்டை. எங்கள் பக்கத்தில் பர்வீனையும் துளசியையும் தவிர மற்றவர்கள் அவர்கள் தோளுக்குத்தான் வந்தார்கள்.

செல்வராணி மிஸ்ஸுக்குப் பெற்றோரைப் பற்றியும் ஒரு கொள்கை உண்டு. கைதட்டலாம். வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கடைசி குவார்ட்டர் தொடங்கும் முன்பு ஒரு டப்பாவோடு வருவார். ஆளுக்கு ஒரு கமர்கட்டு. "வாய்ல ஒதுக்கிக்கங்க. கடிக்கக் கூடாது" என்பார். லேசில் கரையாத சரக்கு அது. பத்துப் பன்னிரண்டு அப்பா அம்மாக்கள் ஒரு பக்கக் கன்னம் உப்பி, ஊமையாக, வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. யாழினி ஓடினாள், மறித்தாள், தவித்தாள்… ஆனால் ஒரு தடவைகூடப் பந்து கேட்கவில்லை. மிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்றுக்கு முப்பது. நாங்கள் ஒரு பாயிண்ட் கம்மி. பத்து செகண்ட் பாக்கி. பந்து பர்வீன் கையில். அவளை இரண்டு நெட்டைகள் மறித்து நிற்கிறார்கள். கூடைக்குக் கீழே, பக்கத்தில் ஆளே இல்லாமல் — யாழினி. பர்வீன் அவளைக் கவனிக்கவில்லை.

ஒரு பெயர். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும்!

யாழினி மூச்சை இழுத்தாள். உதடு பிரிந்தது. அது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

தெரிந்த பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தாங்கவில்லை. கடக்! கமர்கட்டைக் கடித்தேன். கடித்த வேகத்தில் எழுந்தேன். எழுந்த வேகத்தில்…

"பர்வீ…ன்! யாழினி ஃப்ரீயா நிக்கறாம்மா!"

பர்வீன் நல்ல முறையில் வளர்ந்த பெண். வயசில் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வாள்? நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா அங்கிள்?" என்றுகூடக் கேட்டாள்.

பந்தை ஒரு நெட்டை உருவிக்கொண்டு போனாள். விசில். முடிந்தது.

மற்ற பெற்றோர் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எல்லோர் வாயிலும் கமர்கட்டு இருந்ததால் தப்பித்தேன்.

யாழினி என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நான் கூப்புடத்தாம்ப்பா வாயத் தொறந்தேன்… நீ கத்திட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

யோசித்துப் பார்த்தேன். இது மைதானத்தில் மட்டும் நடக்கிற விஷயமா? ஓட்டலில் சர்வர் அவளைப் பார்த்து "இன்னா பாப்பா வேணும்?" என்று கேட்பார். "பாப்பாவுக்கு ஒரு பொடி தோசை" என்பேன் நான். டாக்டர் அவளிடம் "எங்கம்மா வலிக்குது?" என்பார். "வயித்துல டாக்டர், ரெண்டு நாளா" என்பேன் நான். வலி அவளுக்கு, பதில் எனக்கு! சொந்தக்காரர்கள் "என்ன படிக்கிற?" என்று கேட்டால் ஒன்பதாவது படிப்பதும் நான்தான். எல்லாவற்றையும் நானே பேசி முடித்துவிட்டுக் கடைசியில் குறையும் சொல்வேன் — "இவ வாயே தொறக்க மாட்டா சார், கூச்சம் ஜாஸ்தி."

எப்படித் திறப்பாள்? அவள் திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் வாய் திறந்திருக்கிறதே!

இன்னொரு வெட்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரம் முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், 'பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள்' என்று ஒன்றரைப் பத்திக்கு அறிவுரை எழுதியவன் நான். பாராட்டிப் பலர் எழுதியிருந்தீர்கள். வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

தோற்றால் செல்வராணி மிஸ் யாரையும் திட்ட மாட்டார். எல்லோரையும் மைதானத்தின் நடுவில் வட்டமாக நிறுத்துவார். அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்தவர் பெயர் வாயில் வரக் கூடாது.

"ரெண்டு ஃப்ரீ த்ரோ வுட்டுட்டேன் மிஸ்" என்றாள் துளசி.

"பந்து கையில இருக்கறப்ப வெளிய பாத்துட்டேன் மிஸ்" என்றாள் பர்வீன். யார் கூப்பிட்டு அப்படிப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பதினேழு வயசுப் பெண்ணுக்கு இருக்கும் பெருந்தன்மை எனக்கு இல்லையே என்றிருந்தது.

"லேட்டாக் கூப்புடப் போனேன் மிஸ்" என்றாள் யாழினி.

லேட்டா? அவள் எங்கே லேட்? நான் அல்லவா முந்திக்கொண்டேன்!

பைக் சாவி கையில்தான் இருந்தது. நைசாக நழுவியிருக்கலாம். கால் போகவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கமர்கட்டக் கடிச்சிட்டேன் மிஸ்" என்றேன். அந்த 'மிஸ்' தானாக வந்தது. "கேக்க வேண்டியது என் பொண்ணு. அவள முந்திக்கினு நான் கேட்டுட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"அஞ்சு ரவுண்டு" என்றார். சார் போடவில்லை.

வெறுங்காலோடு, கோட்டை ஒட்டி உள்பக்கமாகவே ஓடினேன். முதல் ரவுண்டு கௌரவமாகப் போனது. இரண்டாவதில் சட்டை பனியனோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ரவுண்டின் பாதியில் இடுப்பில் கை வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"தண்டபாணி! நடக்காத! ஓடு!"

மைதானமே அதிர்ந்தது. வேனில் ஏறிக்கொண்டிருந்த திருக்கோவிலூர்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். துளசியின் குரலா? இல்லை. மிஸ்ஸா? இல்லை. வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, முகம் சிவந்து நின்றது — நான் பெற்ற பெண்.

அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு பயந்துபோய் மிஸ்ஸைப் பார்த்தாள்.

"இந்தத் தொண்டைய இத்தினி நாளா எங்கடி வெச்சிருந்த?" என்றார் செல்வராணி மிஸ். "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வந்துடு. அடுத்த மேட்ச்சுக்கும் நீதான் எறங்கற."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வையோடு வேர்வையாகத் துடைத்துக்கொண்டேன்.

மிச்ச ரவுண்டையெல்லாம் ஓடியே முடித்தேன். மகளே பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, மனுஷன் நடக்க முடியுமா?