மூடிக் கிடந்த சோக்

கரண்ட் போனதும் கணவர் ஜெனரேட்டரைக் கிளப்பினார். பெட்ரோல் நாற்றத்தோடு கரும்புகை வந்தது. என் மிக்ஸி முனகியது. “மிக்ஸிய நிறுத்து அம்மணி, பவர் பத்தல” என்றார்.

அதே நாற்றம், அதே பேச்சு. தொண்டாமுத்தூர் வீட்டில் அப்பாவும் இப்படித்தான் மிக்ஸியைக் குறை சொல்வார். ஜெனரேட்டரை வேறு யாரும் தொடக் கூடாது. அம்மா அம்மிக்குப் போவாள். தேங்காய் அரைத்தே அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்று விடும் சோக், ஸ்டார்ட் ஆனதும் திறந்துவிட வேண்டியது, மூடியே கிடந்தது. தள்ளினேன். புகை அடங்கியது, மிக்ஸி சீறியது. இத்தனை வருஷமும் இவ்வளவுதானா?

என்னோடு இருக்கும் அம்மா நிதானமாகச் சொன்னாள்: “தொண்டாமுத்தூர் மெக்கானிக் அப்பவே இத எங்கிட்டச் சொன்னாரு கண்ணு. நாஞ் சொன்னா அப்பாவுக்குக் கௌரவக் கொறச்சலுன்னு உட்டுப்போட்டேன்.”